அணிந்துரை வந்துவிட்டது

கதவைச் சாத்தியாயிற்று. மின்விசிறியைக் குறைத்தாயிற்று. காகிதம் பறக்காமல் மகளின் பழைய பரீட்சை அட்டையின் கிளிப்பில் மாட்டியும் ஆயிற்று. இனி எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி, எழுதேன், யார் உன் கையைப் பிடித்தது, ஒருவரும் பிடிக்கவில்லை, அதுதான் சங்கடமே, யாராவது பிடித்திருந்தால் அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் பாட்டுக்குத் துணி துவைக்கப் போயிருப்பேன். இந்த வீட்டில் இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் என் கணவர் தனபால் டிவியில் பழைய படத்தை ஓடவிட்டு வசனத்தை நடிகருக்கு முன்னால் தான் சொல்லிக்கொண்டிருப்பார். இன்று டிவி இல்லை, மிக்ஸி இல்லை. குக்கர் விசில் அடித்தால் எனக்கு எழுத்து நின்றுபோகும் என்று அவர்தான் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும், அவள் அரிசிம்பருப்புச் சாதத்தைக் குக்கரில் வைக்காமல் சட்டியில் வைத்துக் கிளறிக்கொண்டிருக்கிறாள். கரண்டி சட்டியில் பட்டு ஒரு சின்னச் சத்தம் வருகிறது, உடனே நிறுத்திக்கொள்கிறாள். கரண்டிச் சத்தத்தைத் தாங்கிவிடலாம், அவள் நிறுத்திக்கொள்வதைத்தான் தாங்க முடியவில்லை. வாசலில் இஸ்திரித் துணி கொண்டுவந்தவரிடம் தனபால் ரகசியக் குரலில் பேசுகிறார், அதாவது ரகசியக் குரல் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிற குரலில். "மெதுவாப் பேசுங்க, உள்ள வாணி நாவல் எழுதுது." அந்த ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்து துணியை வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். காது மடல் சுடுகிறது.

வாணி நாவல் எழுதவில்லை. வாணி பிள்ளையார் சுழி போட்டிருக்கிறாள், அதுவும் கொஞ்சம் கோணலாக. நாவலைத் தவிர நாவலுக்கு வேண்டிய மற்றதெல்லாம் தயார். தலைப்பு தயார். நன்றி சொல்ல வேண்டியவர்கள் தயார், பேரகராதி மாதிரி நீளமாக. பின்னட்டைப் படம்கூட எடுத்தாகிவிட்டது, காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குத் தனபால்தான் அழைத்துப் போனார், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார்கள், "மேடம், எங்கயோ தூரத்துல யோசிக்கிற மாதிரி பாருங்க" என்றான் படம் எடுத்தவன், நான் சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரைப் பார்த்தேன், படத்தில் பெரிய சிந்தனையாளராக வந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக அணிந்துரை வந்துவிட்டது. பேராசிரியர் பொன்னுரங்கம் எழுதியது. அவருடைய அணிந்துரை இல்லாமல் இந்த ஊரில் ஒரு ஹைக்கூப் புத்தகம்கூட அச்சேறாது. மகனைப் பார்க்க ஆஸ்திரேலியா கிளம்பிக்கொண்டிருந்தார், போனால் எப்போது திரும்புவாரோ தெரியாது என்று பதிப்பாளர் பதறினார். "முதல்ல சாரைப் புடிச்சு அணிந்துரையை வாங்கிருங்க மேடம், நாவல் எங்க போயிரப் போகுது." எங்கேயும் போகவில்லை, அது வரவே இல்லை. இப்போது என்னிடம் ஒரு அணிந்துரை இருக்கிறது, அதை அணிந்துகொள்ள உடம்பு இல்லை. அதில் முதல் வரியே இதுதான்: இந்த நாவலைப் படித்து முடித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சார், எனக்கும்தான் வரவில்லை.

சிரிக்காதே வாணி, சிரித்து நழுவாதே, எப்போதும் இப்படித்தான் நழுவுகிறாய். அந்த ஹாலை நினை. சோபா முழுக்கப் பெட்டிகள் திறந்து கிடந்தன, பேராசிரியரின் மனைவி ஒரு கொக்கித் தராசில் பெட்டியை மாட்டித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள், எடை கூடுகிறது என்று தக்காளித் தொக்கு பாட்டிலை வெளியே எடுப்பதும், மனசு கேட்காமல் மறுபடி உள்ளே வைப்பதுமாக இருந்தார்கள். "சொல்லுங்கம்மா, கதைச் சுருக்கத்தைச் சொல்லுங்க, நான் விமானம் ஏறதுக்குள்ள எழுதி அனுப்பிடறேன்" என்றார் பேராசிரியர், கண் தொக்கு பாட்டில்மேல் இருந்தது. நான் சொன்னேன். ஒரு பெண்ணுக்குத் தாராபுரம் பக்கம் கல்யாணம் ஆகிறது, சில மாதங்களில் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறாள், அப்புறம் போகவே இல்லை. "ம்" என்றார். தாய்க்குத் துணையாக இருந்துவிடுகிறாள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறாள், தங்கையைப் படிக்கவைக்கிறாள். "ம். அந்தத் தொக்கைக் கைப்பையில வெச்சா புடுங்கிருவான், பெட்டியிலயே வை" என்றார், அது மனைவியிடம். பிறகு என்னிடம் திரும்பி, "அது சரிம்மா, ஏன் திரும்பி வந்தா? பிரச்சினை என்ன? நாவல்னா ஒரு மையம் வேணுமில்ல?" என்றார். ஏன் வந்தாள்? அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அப்போது என் வாய் தானாகவே சொன்னது. "புருசன் செருப்பால அடிச்சுட்டானுங்க சார். சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேர் முன்னாடி." பேராசிரியர் நிமிர்ந்தார். அவர் மனைவி தராசைக் கீழே விட்டுவிட்டு, "அட படுபாவி" என்றார்கள். அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்லி மழுப்ப வேண்டாம், கதை கேட்பவர்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள் என்ற சந்தோஷம். இப்போது அணிந்துரையில் அது பதினோராம் அத்தியாயம் ஆகிவிட்டது, இப்படி: அந்த அரக்கன் தன் காலணியைக் கழற்றும் இடத்தில் என் கண்கள் குளமாயின, மேற்கொண்டு படிக்க இயலாமல் நூலைச் சற்றே மூடி வைத்தேன். எந்த நூலை மூடி வைத்தாரோ, பாவம்.

அந்தப் பெண்தான் சமையலறையில் இருக்கிறாள். அம்சவேணி, என் அக்கா, என் நாவலின் நாயகி, எனக்காகக் கரண்டியைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவள். நான் கூப்பிடவில்லை. நாவல் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்று தனபால் போனில் சொன்னதும் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, பையில் கொஞ்சம் முருங்கைக்கீரையும் கட்டி எடுத்துக்கொண்டு முந்தாநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். "நீ எழுது கண்ணு, அடுப்படிய நான் பாத்துக்கறன்." அவ்வளவுதான் சொன்னாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன், கற்பனை என்று சொல்லியிருப்பேன், அக்கா அதை நம்பியதுபோல இருந்திருப்பாள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இது வரும், நம்பியதுபோல இருப்பது, தெரியாததுபோல இருப்பது. சரி, எழுது. மழை பெய்துகொண்டிருந்தது. அடித்துவிடு, எல்லா நாவலிலும் மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது, தாராபுரத்தில் அத்தனை மழை பெய்தால் விவசாயிகள் கோவில் கட்டிவிடுவார்கள். முதலில் அவளுக்கு ஒரு பெயர் வை. செண்பகம். செண்பகம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். செண்பகம் என்று எழுதினாலும் இறங்குகிறவள் அம்சவேணிதான், அதே மாம்பழ மஞ்சள் புடவை, அதே ஒயர் கூடை. நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன், திண்டாடித் திண்டாடி வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சாயங்காலம், அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், கையில் கூடையைப் பார்த்தாள், அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுதது அம்மாதான். அக்கா கை கால் கழுவிவிட்டு வந்து, சோறு இருக்கா என்று கேட்டாள். நிறையச் சாப்பிட்டாள். இதை எங்கே வைப்பது? இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் பேனா நிற்கிறது. செருப்படி பட்டு வந்தவள் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு ஊற்றிக்கொள்வாளா? மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு விடிய விடியத் தூங்குவாளா? அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அப்பாவும் பெரியப்பாவும் வெளியே கட்டிலில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள், அவன் சரியில்லை, கை நீட்டுகிறவன் போலிருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவளை எழுப்பிக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விடிந்ததும் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, யாரும் அதைச் சொல்லாமலேயே. நாங்கள் கேட்காமல் இருப்பதைப் பாசம் என்று வைத்துக்கொண்டோம், புண்ணைக் கிளறக்கூடாது என்று அம்மா உதட்டில் விரல் வைப்பாள், அப்பா செத்து, அம்மாவும் செத்து, இன்னும் அந்த விரல் உதட்டில்தான் இருக்கிறது.

தாளித்த வாசனை கதவிடுக்கு வழியாக வருகிறது, சின்ன வெங்காயம், பூண்டு, கடைசியில் ஒரு கரண்டி நெய். வயிறு வெட்கமில்லாமல் கத்துகிறது. ஒரு வரி எழுதாத உடம்புக்கு இத்தனை பசி எதற்கு என்று தெரியவில்லை. என் கல்யாணத்தை எழுதலாம், அது எனக்குத் தெரியும். முகூர்த்த நேரத்தில் அக்கா மேடையில் இல்லை, புருஷனோடு வாழாதவள் தாலி கட்டும்போது எதிரில் நிற்கக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமே வராதபடி அவளே சாமான் வைக்கும் உக்கிராண அறைக்குள் போய்த் தாம்பூலத்துக்கு வேண்டிய தேங்காய்களையும் வெற்றிலையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், கெட்டிமேளம் கேட்டபோது அவள் கையில் இருந்த அட்சதை அரிசியை யார்மேல் போட்டாளோ. இதை எழுதினால் படிக்கிறவர்கள் நிச்சயம் அழுவார்கள். பார்த்தாயா, மறுபடியும் கேட்பவர்களைத் தராசைக் கீழே வைக்கவைக்கத்தான் பார்க்கிறாய். அவள் படிப்பாள் என்பதை மறந்துபோகிறாய். அக்கா எல்லாவற்றையும் படிப்பாள், பஜ்ஜி கட்டி வந்த காகிதத்தில்கூட எண்ணெய் படிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாள், தங்கை எழுதியதை விடுவாளா. வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அரக்குப் பட்டுப் புடவையை உடுத்திக்கொண்டு, கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. அதற்குள் ஊர் திரும்பியிருக்கும் பேராசிரியர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார், அந்த அரக்கன், அந்தக் காலணி. சபை திரும்பிப் பார்க்கும். என்னை அல்ல, அவளை. ஊருக்கெல்லாம் தெரியும் யார் கதை என்று. அவள் முகத்தில் அப்போது என்ன இருக்கும், இதுதான் எனக்குத் தெரியவில்லை, இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த முகம். வேண்டாம், நாவலே வேண்டாம், பதிப்பாளருக்குப் போன் போட்டு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், தனபாலிடம் என்ன சொல்வது, அவர் எனக்காகச் சுழல் நாற்காலி வாங்கிவந்திருக்கிறார், அதில் உட்கார்ந்துதான் இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன், சுழலாமல் கெட்டியாகக் காலை ஊன்றிக்கொண்டு. செண்பகம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். அவள் கையில் ஒரு ஒயர் கூடை இருந்தது. இருந்தது. அப்புறம்? ஏன் வந்தாய் செண்பகம், சொல்லித்தொலையேன். செண்பகத்துக்கு எப்படித் தெரியும். அவளைப் படைத்தவளுக்கே தெரியாது.

கதவு தட்டப்படுகிறது, தட்டலா அது, விரல் நகம் பட்டமாதிரி. நான் சட்டென்று பேனாவை எடுத்துத் தாளில் வைத்துக்கொள்கிறேன், மானேஜர் வரும்போது ஆபீசில் செய்கிற அதே காரியம். அக்கா தட்டோடு வருகிறாள். அரிசிம்பருப்பு, நெய், ஓரத்தில் அப்பளம். "எழுந்திருக்காத, இங்கயே சாப்டுக்க" என்று மேசையில் வைக்கிறாள். தாளைப் பார்க்காமல் இருக்க முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள், அந்தப் பண்பு என்னைக் குத்துகிறது. போய்விடுவாள் என்று பார்த்தால் போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஈரக் கையைப் புடவையில் துடைக்கிறாள், துடைத்து முடித்த பிறகும் துடைக்கிறாள். "வாணி." "சொல்லுக்கா." "ஒண்ணு கேட்டா வருத்தப்பட மாட்டியே?" "என்னோட கதையத்தான் எழுதறயாமா. தனபாலு தம்பி சொன்னாரு. நீங்க பட்ட கஷ்டத்தைத்தான் வாணி எழுதுதுன்னு." தனபாலிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, தானாகக் கண்டுபிடித்திருக்கிறார், கண்டுபிடித்து சந்தோஷமாகப் போனில் சொல்லியிருக்கிறார். நான் இல்லை என்று சொல்ல வேண்டும். கற்பனை என்று சொல்ல வேண்டும். "ஆமாக்கா" என்கிறேன், தலையைக் குனிந்து, அப்பளத்தைப் பார்த்து. "கேட்டுட்டு எழுதியிருக்கோணும். தப்புதான்." அக்கா கையை ஆட்டி அதைத் தள்ளுகிறாள். "அது கெடக்குது. எழுதிக்க. என்னை எப்படி வேணா எழுதிக்க. அந்த மனுசனை மட்டும் கெட்டவராக்கிராத கண்ணு. அதைச் சொல்லோணும்னுதான் லீவு போட்டுட்டு வந்தன். வந்த நாள்ல இருந்து வாய் வரல."

எந்த மனுசன் என்று கேட்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். "மாமாவா?" மாமா என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் அந்த ஆளுக்கு உபயோகித்து எத்தனையோ காலம் ஆகிறது, என் வாயில் அது புதிதாக இருக்கிறது. அக்கா தலையாட்டுகிறாள். "தங்கமான மனுசன். ஒரு சொல்லு கடுசாப் பேசுனதில்ல. நாங் கெளம்பறன்னு சொன்னப்பக்கூட, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடையத் தூக்கிட்டு வந்தாரு. அடிச்சாரான்னு நீங்க ஒருத்தரும் என்னைக் கேக்கல. அடிச்சிருப்பாருன்னு நீங்களே வெச்சுக்கிட்டீங்க. நானும் பேசாம இருந்துட்டன். அடிச்சாருன்னா வூட்டுல சேத்திக்குவீங்க, புடிக்கலைன்னு வந்தா மறுபடியும் கொண்டுபோய் வுட்ருவீங்க." அவள் குரல் எப்போதும்போலத்தான் இருக்கிறது, கீரை விலை சொல்கிற குரல். "அப்பறம் கேள்விப்பட்டன், அவருக்கு ரொம்ப நாளைக்குப் பொண்ணே அமையலையாம். பொண்டாட்டியத் தொரத்துனவன்னு பேராகிப் போச்சாம். அதுக்கு நாந்தான் காரணம். இத்தனை வருசமா அது ஒண்ணுதான் எனக்கு அரிக்குது. நீ வேற புஸ்தகத்துல போட்டுட்டீன்னா நாளைக்கு அவரு பேரன் பேத்தி படிக்கும்." அரக்கன். காலணி. ஒறம்பரை அத்தனை பேர் முன்னாடி. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒரு ஆளின் காலில் இருந்த செருப்பை நான் கழற்றி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை, அவளுக்கு வாய் வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, எனக்கு எத்தனை ஆகுமோ. அதற்குள் வேறு ஒன்று முந்திக்கொண்டு வருகிறது, இவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும் அந்தக் கேள்விதான் முந்துகிறது. "அப்பறம் ஏங்க்கா வந்தே?"

ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டு மொட்டை மாடியில் துணிகள் காய்கின்றன, அக்கா அவற்றைப் பார்க்கிறாள், அல்லது அவற்றுக்கு அந்தப் பக்கம் எதையோ. "மத்தியானம்" என்கிறாள். எனக்குப் புரியவில்லை. "அந்த வூட்டு மத்தியானம் எனக்குப் புடிக்கல. சாப்டுட்டு அல்லாரும் படுத்துருவாங்க. மாமியார், மாமனார், அவரு, மாடுகூடப் படுத்துக்கும். வாசல்ல வெயில் அப்படியே நிக்கும், நகராது. நான் மட்டும் முழிச்சிட்டு உக்காந்திருப்பன். ஒருத்தரும் என்னை ஒண்ணும் சொல்லல, ஒரு கொறையும் இல்ல. ஆனா இனி சாகற மட்டும் இதே மத்தியானந்தான்னு ஒருநாள் தோணுச்சு. தோணுனதும் மூச்சு முட்டுச்சு. கூடைய எடுத்துட்டன்." புடவை முந்தானையை உதறி எழுந்திருக்கிறாள். ஆறிப்போயிரும் சாப்டு என்று தட்டை என் பக்கம் நகர்த்துகிறாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள், நேராக, நான் அவள் முகத்தை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. "இதுக்கெல்லாமா ஒருத்தி வாழ்க்கைய வுட்டுட்டு வருவாள்னு நீயும் கேப்ப. கேளு, பரவால்ல."

நான் அதைத்தான் கேட்க வாயெடுத்திருந்தேன்.